வாப்பா பெயரில் ஒரு வக்ஃபு

 



மனிதன் மரணித்துவிட்டால் அவனுடைய அமல்கள் நின்றுவிடுகின்றன. மூன்று மட்டும் நிற்பதில்லை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்திருப்பது முஸ்லிம் ஷரீஃபில் பதிவாகியிருக்கிறது. ஓடிக்கொண்டேயிருக்கும் தர்மம் ஒன்று. பிறருக்குப் பயன்படும் கல்வி மற்றொன்று. பெற்றோருக்காகத் துஆச் செய்யும் ஸாலிஹான பிள்ளை மூன்றாவது. மிம்பர்களில் நாம் பலமுறை கேட்ட செய்திதான் இது.

இன்று நமதூர்களில் வசதி படைத்த குடும்பத்தார் பலர், மறைந்த தகப்பனார் பெயரிலோ தாயார் பெயரிலோ அறக்கட்டளை ஒன்றை ஏற்படுத்தி, அதைக்கொண்டு மதரஸாவோ, வாசகசாலையோ, பெண்பிள்ளைகளுக்கான கல்விக்கூடமோ அமைக்க விரும்புகிறார்கள். சற்றுச் சிந்தித்துப் பாருங்கள்! தர்மம், கல்வி, பிள்ளையின் துஆ ஆகிய மூன்றும் ஒரே கட்டடத்தில் கூடிவிடுகின்றன. இதைவிடச் சிறந்த ஆசை ஒரு குடும்பத்துக்கு இருக்க முடியாது. ஆனால், ஆசை எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு கவனமும் அதற்குத் தேவை. எந்தப் பணத்தில் கட்டினோம், யாருடைய பங்கில் கட்டினோம், கட்டிய பிறகு கையை எடுத்தோமா இல்லையா என்பவற்றைப் பொறுத்தே அது வாப்பாவின் கப்ருக்கு ஒளியாவதும் பிள்ளைகளின் கழுத்துக்குச் சுமையாவதும் அமையும்.

எல்லையில் ஓர் ஊர்

நமது காரைக்கால் ஒரு விசித்திரமான ஊர். 1739ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. 1954 நவம்பர் முதல் தேதிதான் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16ல் நிறைவேறிற்று. சுற்றிலும் தமிழ்நாடு, கிழக்கே கடல், நடுவே புதுச்சேரியின் ஒரு துண்டு. வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். பேச்சு ஒன்று, சம்பந்தம் ஒன்று, சாப்பாடு ஒன்று. ஆனால் சர்க்கார் மட்டும் வேறு!

இந்த எல்லை நமக்குச் சில நன்மைகளைத் தந்தது. பிரெஞ்சுக் கொடி பறந்த காலத்தில் நம் முன்னோர்கள் சைகோன் வரை சென்று வாணிபம் செய்தார்கள். 1962க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களும் உண்டு. பினாங்கும் சிங்கப்பூரும், பிறகு வளைகுடா நாடுகளும் இந்தக் கரையோரத்து வீடுகளில் அடுப்பெரிய வைத்தன. இதே எல்லை தீமையையும் கொண்டு வந்தது. மது இங்கே மலிவு என்று எல்லை கடந்து வருவோரை நாம் அன்றாடம் காண்கிறோம். மாலை நேரத்தில் ஓர் இளைஞன் போய் உட்கார இடம் எது என்று கேட்டால், மதுக்கடையின் விளக்கு முதலில் தெரிகிறது. வாசகசாலையின் விளக்கு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

ஆகவே, இத்தகைய ஊரில் ஒரு குடும்பம் முன்வந்து, பிள்ளைகள் படிக்க ஒரு கூடமும், நல்ல நூல்களும், ஒழுக்கம் கற்பிக்கும் ஓர் ஆசிரியரும் ஏற்படுத்துமானால், அது வெறும் அலங்காரப் பணி அன்று. நெருப்பின் ஓரத்தில் வேலி கட்டுகிற பணியாகும்.

அசல் நிற்க வேண்டும், பலன் ஓட வேண்டும்

வக்ஃபு என்ற சொல்லுக்கே நிறுத்தி வைத்தல் என்பது பொருள். கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தைப் பற்றி ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்கள் நாயகத்திடம் ஆலோசனை கேட்டார்கள். அதைவிட மதிப்புள்ள பொருள் தமக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை என்றும் சொன்னார்கள். அசலை நிறுத்தி வைத்துவிட்டு விளைச்சலைத் தர்மம் செய்யலாம் என்பதே பெருமானார் (ஸல்) அவர்களின் யோசனை. அவ்வாறே உமர் (ரலி) அவர்கள் அந்த நிலத்தை விற்கக்கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக்கூடாது, வாரிசுச் சொத்தாக ஆக்கக்கூடாது என்று நிபந்தனை விதித்தார்கள். ஏழைகள், உறவினர், அடிமைகளின் விடுதலை, அல்லாஹ்வின் பாதை, வழிப்போக்கர், விருந்தினர் ஆகியோருக்கு அதன் பலனை ஒதுக்கினார்கள். அதைப் பராமரிப்பவர் நியாயமான அளவில் உண்ணலாம், தம் நண்பருக்கும் உண்ணக் கொடுக்கலாம். ஆனால் அதைக்கொண்டு செல்வம் சேர்க்கக்கூடாது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ள விஷயம் இது.

இதில் உறவினருக்கும் இடம் இருப்பதைக் கவனியுங்கள். குடும்பத்துக்கு வக்ஃபு செய்வது மார்க்கத்துக்குப் புறம்பானது என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. விருப்பமான பொருளைச் செலவிடாதவரை நன்மையை அடைய முடியாது என்ற கருத்துடைய ஆலு இம்ரான் 92வது வசனம் இறங்கியபோது, அபூதல்ஹா (ரலி) அவர்கள் தமக்கு மிகவும் பிரியமான பைருஹா தோட்டத்தைக் கொடுத்தார்கள். அதை நெருங்கிய உறவினருக்கே பங்கிடும்படி யோசனை சொன்னவர்கள் நாயகம் (ஸல்) அவர்கள்தாம். குடும்பத்துக்குக் கொடுப்பது தர்மமே. ஆனால், குடும்பத்தில் ஒருவரின் உரிமையை எடுத்து ஊருக்குக் கொடுப்பது தர்மமாகாது. இந்த இடத்தில்தான் நம்மவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழுகிறார்கள்.

ஒரு மனையின் கதை

சில ஆண்டுகளுக்கு முன்பு சகோதரர்கள் இருவர் நம்மிடம் வந்தார்கள். ஒருவர் பிரான்சில் இருப்பவர். மற்றவர் வளைகுடாவில் தொழில் செய்பவர். தகப்பனார் வஃபாத்தாகி ஓர் ஆண்டு நிறைவதற்குள், அவர் விட்டுச்சென்ற மனை ஒன்றை வக்ஃபு செய்து, அதில் வாசகசாலையும் மாலை மதரஸாவும் கட்ட நினைத்தார்கள். கட்டடச் செலவை இருவரும் தங்கள் சம்பாத்தியத்திலிருந்து போட்டுக்கொள்வதாகச் சொன்னார்கள். வக்ஃபுப் பத்திரத்தின் வாசகத்தைப் பார்த்துக் கொடுக்கும்படி கேட்டார்கள். அவர்களுடைய நிய்யத்தில் நாம் எந்தக் குறையும் காணவில்லை.

"வாரிசுகள் யார் யார்?" என்று கேட்டோம். உம்மா இருக்கிறார்கள், நாங்கள் இருவர், மூத்த சகோதரி ஒருவர் என்றார்கள். "சொத்துப் பிரிவினை ஆகிவிட்டதா?" என்று கேட்டோம். "எங்களுக்குள் பிரிவினை எதற்கு ஹஜ்ரத்? அக்காவிடம் சொன்னோம். ஒன்றும் சொல்லவில்லை" என்றார்கள்.

அன்பர்களே! அந்த ‘ஒன்றும் சொல்லவில்லை’ என்ற வார்த்தையில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கன்னிப் பெண்ணின் நிகாஹ் சம்மதத்தில் மௌனம் அனுமதியாகும் என்று ஹதீஸில் வந்திருப்பது உண்மை. அந்தச் சட்டத்தைச் சொத்துக்குக் கொண்டுவர முடியாது. வாய் திறவாதவர் சொன்னதாக எதையும் அவர் மீது சுமத்தக் கூடாது என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் வகுத்துத் தந்த விதி. உரிமையை விட்டுக்கொடுப்பது வாயால் சொல்லப்பட வேண்டும். மனமுவந்தும் சொல்லப்பட வேண்டும். வெட்கத்தால் சொன்னதும், தம்பிமார் முகம் வாடுமே என்று சொன்னதும் மனமுவந்த சொல் ஆகாது.

நாம் ஒரு தாளை எடுத்து அவர்கள் முன்பாகவே கணக்குப் போட்டோம். கடனும் வஸிய்யத்தும் தீர்ந்த பிறகு, பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. எஞ்சியதில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. மனையை 40 பங்காகப் பிரித்தால் உம்மாவுக்கு 5, சகோதரர்களுக்குத் தலைக்கு 14, சகோதரிக்கு 7. ஆக, 40ல் 12 பங்கு அந்தச் சகோதரர்களுடையதே அல்ல! தம்முடையதல்லாத 12 பங்கை அவர்கள் வாப்பா பெயரில் தர்மம் செய்யப் பார்த்தார்கள். தனக்குச் சொந்தமில்லாததை வக்ஃபு செய்தால் அந்த வக்ஃபு செல்லாது என்பதில் இமாம்களிடையே இரண்டு கருத்துக் கிடையாது. வாரிசுகளில் பருவமெய்தாத யதீம் ஒருவர் இருந்துவிட்டால் நிலைமை இன்னும் கடினம். அந்தப் பங்கை விட்டுக்கொடுக்கத் தாய்க்கும் அதிகாரமில்லை, சிறிய தகப்பனுக்கும் அதிகாரமில்லை. யதீம்களின் பொருளை அநியாயமாக உண்போரைப் பற்றி ஸூரத்துன் னிஸாவின் 10வது வசனம் செய்யும் எச்சரிக்கையைப் படித்தவர்கள், அந்தப் பொருளில் கட்டிய கூடத்தில் உட்கார்ந்து குர்ஆன் ஓதத் துணிவார்களா?

அடுத்த வாரம் உம்மாவையும் சகோதரியையும் வைத்துக்கொண்டு பேசினார்கள். உம்மா தம்முடைய 5 பங்கையும் கண்ணீரோடு, முழு மனதோடு வக்ஃபுக்குக் கொடுத்தார்கள். சகோதரியிடம் நேராகக் கேட்கப்பட்டது. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்குக் குமர் இருக்கிறது தம்பி. அவளுக்கு ஒரு வீடு வேண்டும்" என்றார். அவ்வளவுதான். அவருடைய 7 பங்குக்கு உரிய நிலம் மனையின் ஒரு ஓரத்தில் அளந்து கொடுக்கப்பட்டது. அவர் அதிலிருந்து வக்ஃபுக்கு எதுவும் தரவில்லை. அதில் அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை. மீதி நிலத்தில், முதலில் போட்ட திட்டத்தைவிடச் சிறியதாக ஒரு வாசகசாலை எழும்பிற்று. அது சிறுத்துப் போனதாக நாம் கருதவில்லை. ஒருவருடைய மனக்குறையும் கலக்காத சுத்தமான நிலம் எவ்வளவோ, அவ்வளவுக்கு அது பெரியது.

இறந்தவருக்காகத் தர்மம் செய்யலாமா என்று கேட்டால், தாராளமாகச் செய்யலாம். ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்களின் தாயார், அவர்கள் ஊரில் இல்லாத சமயத்தில் மரணித்துவிட்டார்கள். தாயாருக்காகத் தர்மம் செய்தால் அது அவரைச் சேருமா என்று கேட்டபோது, சேரும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விடை தந்தார்கள். உடனே ஸஅத் (ரலி) அவர்கள் மிக்ராஃப் என்ற தோட்டத்தைத் தாயாரின் பெயரால் தர்மமாக்கினார்கள். அந்தத் தோட்டம் அவர்களுக்கே சொந்தமானது என்பதை நினைவில் வையுங்கள். பெற்றவர்கள் பெயரில் கொடுங்கள், உங்களுடையதிலிருந்து கொடுங்கள்!

பெண்மக்களை ஒதுக்கிவிட்டு ஒரு வக்ஃபா?

ஸஹாபாக்களின் வக்ஃபுகளைப் பார்த்தால் பெண்மக்கள் ஓரத்தில் நிறுத்தப்படவில்லை. உமர் (ரலி) அவர்கள் தம் வக்ஃபைப் பராமரிக்கும் பொறுப்பைத் தமக்குப் பிறகு மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒப்படைத்து எழுதி வைத்ததாக அபூதாவூதில் காண்கிறோம். ஆண்மக்கள் இருக்க, மகள் முதவல்லியானார்! ஸுபைர் (ரலி) அவர்கள் தம் வீடுகளைத் தர்மமாக்கியபோது, தலாக்காகித் திரும்பி வரும் மகள் அங்கே தொல்லை கொடுக்காமலும் தொல்லைக்கு ஆளாகாமலும் வசிக்கலாம் என்று ஷரத்து எழுதினார்கள். மொராக்கோவின் ஃபாஸ் நகரிலுள்ள புகழ்பெற்ற கரவிய்யீன் பள்ளிவாசலை, 859ல் ஃபாத்திமா அல்ஃபிஹ்ரிய்யா என்ற பெண்மணி தமக்குக் கிடைத்த வாரிசுச் சொத்தைக்கொண்டு நிறுவியதாக அந்நாட்டு வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. பங்கு முதலில் அவர் கைக்கு வந்தது, பிறகுதான் தர்மமாயிற்று. இந்த வரிசையை மாற்றக்கூடாது.

2025ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வக்ஃபு திருத்தச் சட்டத்தைப் பற்றி நம் சமுதாயத்தில் பலத்த ஆட்சேபணைகள் உண்டு, வழக்குகளும் உண்டு. அதே ஆண்டு செப்டம்பர் 15ல் உச்ச நீதிமன்றம் அதன் சில பிரிவுகளை நிறுத்தியும் வைத்தது. அந்த விவாதம் இங்கே நமக்கு வேண்டாம். சந்ததிகளுக்காக வக்ஃபு செய்வதால் பெண்கள் உள்ளிட்ட வாரிசுகளின் உரிமை மறுக்கப்படக் கூடாது என்று அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அதைப் படித்தபோது நமக்கு ஏற்பட்ட எண்ணம் இதுதான்: ஸூரத்துன் னிஸா நம் கையில் இருக்கும்போது, நம் பெண்மக்களின் பங்கைப் பற்றி வேறொருவர் நமக்கு நினைவூட்டும் நிலையை நாம் ஏன் உண்டாக்க வேண்டும்?

பெயருக்குத் தர்மம், பயனுக்குக் குடும்பம்

இதற்கு நேர்மாறான நோயும் ஒன்று உண்டு. ஊருக்கென்று எழுதிவிட்டு எல்லாவற்றையும் குடும்பமே அனுபவிப்பது அந்த நோய். 1894ல், கல்கத்தாவிலிருந்து சென்ற ஒரு குடும்ப வக்ஃபு வழக்கில், லண்டன் பிரிவி கவுன்சில் கடுமையான தீர்ப்பை வழங்கிற்று. வருமானம் தலைமுறை தலைமுறையாகச் சந்ததிக்கே போய், சந்ததியே அற்றுப்போனால்தான் ஏழைக்குக் கிடைக்கும் என்று எழுதப்பட்ட வக்ஃபு வெறும் தோற்றமே, அது செல்லாது என்று கூறிவிட்டது. மௌலானா ஷிப்லி நுஃமானி போன்ற உலமாக்கள் ஷரீஅத்தின் நிலையை எடுத்துக்காட்டிப் போராடினார்கள். ஜனாப் முஹம்மது அலி ஜின்னா மசோதாவைக் கொண்டுவந்து, 1913ல் குடும்ப வக்ஃபுகளைச் செல்லுபடியாக்கும் சட்டம் நிறைவேறிற்று.

நம் எல்லையின் விந்தையை இங்கேயும் காணலாம். அந்தத் தீர்ப்பும் அந்தச் சட்டமும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு உரியவை. பிரெஞ்சுக் காரைக்காலை அவை கட்டுப்படுத்தவில்லை. அவரவர் வழக்கத்தின்படியே தீர்ப்பளிக்க வேண்டும் என்று பிரெஞ்சு நிர்வாகம் 1819ல் விதித்திருந்தது. நாகூர்ப் பக்கம் ஒரு தோப்பும் காரைக்காலில் ஒரு வீடும் வைத்திருந்த குடும்பத்துக்கு, ஒரே ஷரீஅத் இருந்தும் இரண்டு கோர்ட்டுகள்! இன்று இரு பக்கமும் 1995ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டமே நடக்கிறது. எனினும் வாஞ்சூருக்கு அப்பால் தமிழ்நாடு வக்ஃபு வாரியம், இப்பால் புதுச்சேரி வக்ஃபு வாரியம். இரண்டு பக்கமும் சொத்து வைத்து வக்ஃபு செய்பவர்கள் இதை மறந்து, ஒரு பக்கத்துப் பதிவை விட்டுவிடுவதுண்டு. பதிவில்லாத சொத்து, பேரன் காலத்தில் யாருடைய சொத்தோ ஆகிவிடும்.

நமது கரையோர மக்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபினர். ஒருவர் தனக்குத்தானே வக்ஃபு செய்துகொள்வது இந்த மத்ஹபின் பலமான கருத்துப்படி செல்லாது. ஹனஃபி மத்ஹபில் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் அதை அனுமதித்துள்ளார்கள். ஆனால் கிணறு, பள்ளிவாசல் போன்ற பொதுப் பயனில், வக்ஃபு செய்தவரும் மற்றவர்களைப் போல் பங்குகொள்ளலாம். இதற்கு அழகான உதாரணம் ரூமா கிணறு. மதீனாவில் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு இருந்தபோது, அதை வாங்கித் தம் வாளியையும் மற்ற முஸ்லிம்களின் வாளிகளோடு ஒன்றாக ஆக்குபவர் யார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் வாங்கிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர்களுடைய வாளிக்கென்று தனி வரிசை இருக்கவில்லை.

குடும்ப அறக்கட்டளை நடத்துவோர் இந்த வாளியை ஒருபோதும் மறக்கலாகாது. நீங்கள் கட்டிய கூடத்தில் உங்கள் பிள்ளைக்கு முதல் வரிசையும் மற்றவர் பிள்ளைக்குப் பின்வரிசையும் என்றால், உங்கள் வாளி இன்னும் கலக்கவில்லை. வாசலில் தகப்பனார் பெயரைப் பொறிப்பதை நாம் ஹராம் என்று சொல்லவரவில்லை. மறைத்துச் செய்வது மேலானது என்று திருமறை கூறினாலும், வெளிப்படையாகச் செய்யும் தர்மத்தையும் அது நல்லதென்றே கூறுகிறது. கல்லில் பெயர் இருக்கட்டும், சொல்லில் வேண்டாம். "எங்கள் வாப்பா கட்டிக் கொடுத்ததுதானே!" என்று ஓர் ஏழைப் பையனின் முகத்துக்கு நேராகச் சொல்லப்படும் ஒரு வார்த்தை, அந்தக் கட்டடத்தின் நன்மையைக் கரைத்துவிடப் போதும். சொல்லிக்காட்டுவதாலும் நோவினை தருவதாலும் தர்மம் பாழாகும் என்பதை அல்பகரா அத்தியாயத்தில் அல்லாஹ் எச்சரித்திருக்கிறான்.

மூன்று பைகளைக் கலக்காதீர்கள்

குடும்ப அறக்கட்டளைகள் பெரும்பாலும் செய்யும் தவறு ஒன்றை இங்கே எடுத்துச்சொல்வது நம் கடமை. ரமளான் வந்தால் அண்ணன் தம்பிகள் தங்கள் ஜகாத்தை அனுப்புகிறார்கள். சில உறவினர் ஸதகா அனுப்புகிறார்கள். வக்ஃபுக் கடையின் வாடகையும் வருகிறது. மூன்றும் ஒரே வங்கிக் கணக்கில் விழுகின்றன. பிறகு அதிலிருந்து கட்டடமும் எழும்புகிறது, மின்விசிறியும் சுற்றுகிறது, ஆசிரியர் சம்பளமும் போகிறது.

ஜகாத்துக்கு உரியவர்கள் எட்டு வகையினர் என்று ஸூரத்துத் தவ்பாவின் 60வது வசனம் வரையறுத்துவிட்டது. கட்டடம் ஏழையல்ல, புத்தக அலமாரி கடனாளியல்ல! நான்கு மத்ஹபுகளின் சட்டநூல்களும் பள்ளிவாசல் கட்டவே ஜகாத்தை அனுமதிக்கவில்லை என்னும்போது, வாசகசாலைக்கு எங்கே இடம்? ஜகாத்தை அந்த ஏழை மாணவனின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அவன் விரும்பினால் அதிலிருந்து கட்டணம் கட்டட்டும். வக்ஃபு வருமானத்தை வக்ஃபு செய்தவர் எழுதிய காரியத்துக்கே செலவிடுங்கள். மதரஸாவுக்கென்று எழுதிய வாடகையைக் கந்தூரிச் சாப்பாட்டுக்குத் திருப்பவும் கூடாது, கந்தூரிக்கென்று எழுதியதை உங்கள் இஷ்டப்படி வேறொன்றுக்குத் திருப்பவும் கூடாது. ஸதகா ஒன்றுதான் நிபந்தனையில்லாமல் வந்திருந்தால் தாராளமாகப் பயன்படும். மூன்று பைகள், மூன்று ஏடுகள். எழுதுகிறவருக்குச் சற்றுச் சிரமம்தான். மஹ்ஷரில் மிகவும் இலேசாக இருக்கும்.

கணக்குக் கேட்டால் கோபம் வரலாமா?

முதவல்லிக்கு இரண்டு தகுதிகளை நம் ஃபுகஹாக்கள் விதிக்கிறார்கள். ஒன்று நேர்மை, மற்றொன்று அந்த வேலையைச் செய்யும் திறமை. வக்ஃபு செய்தவரின் மூத்த மகன் என்பது மட்டும் இவ்விரண்டில் ஒன்றுமில்லை. நேர்மையிருந்து கணக்கெழுதத் தெரியாதவரும் தகுதியற்றவரே. கணக்கில் கெட்டிக்காரராக இருந்து நேர்மையில்லாதவரும் தகுதியற்றவரே.

கணக்குச் சீர்கெட்டால் என்னவாகும் என்பதற்கு நம்மவர்கள் கப்பலேறிப்போன பினாங்கிலேயே பாடம் இருக்கிறது. அங்கே 1801ல் கிழக்கிந்தியக் கம்பெனி தமிழ் முஸ்லிம்களின் பள்ளிவாசலுக்கு நிலம் வழங்கிற்று. கப்பித்தான் கெலிங் என்று அழைக்கப்பட்ட காதர் முஹ்யித்தீன் என்ற சோழமண்டலக் கரைத் தலைவரின் பெயரால் அந்தப் பள்ளிவாசல் இன்றும் வழங்குகிறது. பள்ளிவாசலைச் சுற்றி வக்ஃபு நிலம் ஏராளமாக இருந்தது. ஆனால் காலப்போக்கில் நிர்வாகம் சீர்குலைந்து, புகார்கள் வளர்ந்தன. முடிவில், 1905ல் ஆங்கில அரசு முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளுக்கென்று ஒரு சட்டம் இயற்றி, அவற்றின் நிர்வாகத்தை ஒரு வாரியத்தின் கையில் கொடுத்தது. நம் கையிலிருக்கும் ஏடு சுத்தமாக இல்லாவிட்டால், அதைப் புரட்டிப் பார்க்க வேறொரு கை வந்தே தீரும்.

ஆகவே, முதவல்லியிடம் ஜமாஅத்தார் கணக்குக் கேட்டால் அவர் கோபப்படலாகாது. "ஜஸாகல்லாஹ்" என்று சொல்லிக் காட்ட வேண்டும். ஆண்டுதோறும் வாரியத்துக்குக் கொடுக்கும் கணக்கின் ஒரு நகலைப் பள்ளிவாசல் பலகையிலும் ஒட்டிவிடுங்கள். குடும்பத்தார் மட்டுமே இருக்கும் நிர்வாகத்தில் ஊரார் இருவரையும், கற்ற பெண் ஒருவரையும் சேருங்கள். கடையை உறவினருக்கே வாடகைக்கு விட நேர்ந்தால் அக்கம்பக்கத்துக் கடை வாடகைக்குக் குறைத்து விடாதீர்கள். இதில் சட்டத்துக்கு அஞ்சுவதைவிட, உமர் (ரலி) அவர்கள் எழுதிய அந்த ஷரத்துக்கு அதிகமாக அஞ்சுங்கள்: பராமரிப்பவர் நியாயமாக உண்ணலாம், செல்வம் சேர்க்கக்கூடாது.

எதைக் கட்டலாம்?

தர்மம் என்றால் கட்டடம்தான் என்று நினைக்க வேண்டியதில்லை. உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடியபோது, கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவர்கள் ஆதரித்தார்கள். அவர்களுடைய மறைவுக்குப் பிறகு பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் அவர்கள் ஆதரித்து நிறைவு பெறச் செய்தார்கள். கடல் வாணிபத்தில் வந்த பணம் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களாக மாறிற்று. மூன்று நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தத் தர்மம் ஓடுகிறது. கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களைப் போன்ற பெரியோர் அரபுத் தமிழில் எழுதிய மார்க்க நூல்களைப் படித்துத்தான் நம் பாட்டிமார் தொழுகைச் சட்டம் அறிந்தார்கள். இன்று அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் அருகிவிட்டார்கள். ஏடுகள் பழைய பெட்டிகளில் கரையானுக்குக் காத்திருக்கின்றன. அவற்றைச் சேகரித்துப் பாதுகாத்து, இன்றைய தமிழ் எழுத்தில் அச்சிடுவதற்கு ஒரு குடும்பம் வக்ஃபு செய்தால், அது ஒரு மினாரா கட்டுவதற்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

காகா முஹம்மது உமர் அவர்கள் தோல் வியாபாரத்தில் ஈட்டிய பொருளைக்கொண்டு 1924ல் உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவினார்கள். உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் அவர்களின் கொடையால் 1956ல் கல்லூரி எழுந்தது. தனியொருவரின் வருமானம் ஒரு வட்டாரத்தின் கல்வியாக மாறியதற்கு இவை கண்கண்ட சாட்சிகள்.

இன்னொன்றையும் நினைவில் வைப்போம். சைகோன் நகரில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935ல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. 1975க்குப் பிறகு கட்டியவர்களின் சந்ததியில் பெரும்பாலோர் அங்கிருந்து வெளியேறிவிட்டார்கள். கடைகள் போயின, வீடுகள் போயின. பள்ளிவாசலில் பாங்கு மட்டும் நிற்கவில்லை. வேறு நாட்டினர், வேறு மொழியினர் வந்து ஸஃப்பில் நிற்கிறார்கள். கட்டியவர்கள் எவற்றையெல்லாம் தமக்கென்று வைத்துக்கொண்டார்களோ அவை போய்விட்டன. எதை அல்லாஹ்வுக்கென்று கொடுத்தார்களோ அது இருக்கிறது!

எனவே, அறக்கட்டளை தொடங்க நினைக்கும் சகோதரர்களே! முதலில் வாரிசுகளின் பங்கைக் கொடுங்கள். சகோதரியிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அவர் "இல்லை" என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். பிறகு உங்களுடையதிலிருந்து உங்களுக்குப் பிரியமானதைக் கொடுங்கள். எழுதிப் பதிவு செய்யுங்கள். ஜகாத்தைத் தனியே வையுங்கள். கணக்கைத் திறந்து வையுங்கள். அதன் பிறகு உங்கள் வாளியை ஊராரின் வாளிகளோடு வைத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோர் எங்களுக்கு விட்டுச்சென்றதில் ஒருவருடைய உரிமையையும் நாங்கள் உண்ணாமல் எங்களைக் காப்பாயாக! எங்கள் சகோதரிகளின் மௌனத்தை எங்களுக்கு எதிரான சாட்சியாக ஆக்கிவிடாதே! எங்கள் கையால் நடக்கும் தர்மங்களை எங்கள் பெயருக்கல்லாமல் உன் பொருத்தத்துக்கே ஆக்கியருள்வாயாக! எங்கள் ஊரின் பிள்ளைகளைத் தீய வாசல்களிலிருந்து திருப்பி, கல்வியின் வாசலில் சேர்ப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!

வஸ்ஸலாம்.